குளிர்காலத்தில் புதிய கொல்ஃப் அயர்ன்களைப் பழக்குதல்: நுவரெலியாவில் ஆடுவோருக்கான முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன், ஜனவரி மாத நடுவில், புதிதாக வாங்கிய கொல்ஃப் அயர்ன் (இரும்புத் தலை மட்டை) செட்டைத் தூக்கிக்கொண்டு காலை ஆறே முக்காலுக்கே நுவரெலியா மைதானத்தில் போய் நின்றேன். பந்துகள் இரவு முழுவதும் காரின் டிக்கியில் கிடந்தவை. உடம்பில் இரண்டு ஸ்வெட்டரும் அவற்றுக்கு மேல் ஒரு தடித்த ஜெர்சியும் இருந்தன. பழைய ஏழாம் அயர்னால் 145 யார் (கெஜம்) தூரம் அடித்துக்கொண்டிருந்த எனக்குப் புதிய ஏழாம் அயர்ன் 133 யாருக்கு மேல் போகவில்லை. அயர்ன் தலையின் நடுமுகத்தில் படாத ஒவ்வோர் அடியும் விரல் நுனியில் தொடங்கி முழங்கை வரை விறைத்தது. கூட வந்த கெடி (பை தூக்கும் உதவியாளர்), ஐம்பது வயதைத் தாண்டியவர், "பனி காயட்டும் சேர், பந்து இன்னும் தூங்குது" என்றார். நான் கேட்கவில்லை. அடுத்த வாரமே கொழும்பில் ஒருவரிடம் கொடுத்து எல்லா அயர்ன்களின் லொஃப்டையும் (முகம் பின்னோக்கிச் சாயும் கோணத்தை) இரண்டு பாகை குறைத்து வளைத்துக்கொண்டு வந்தேன். மார்ச் மாத வெயில் வந்ததும் பந்துகள் கிரீன்களை (குழியைச் சுற்றிய குட்டைப் புல் பகுதிகளை) தாண்டி மரங்களுக்குள் விழத் தொடங்கின. வளைத்தவர் நான் கேட்டதைத்தான் செய்து கொடுத்தார். பிழை முழுவதும் என்னுடையது.

அந்தப் பிழையை இன்னொருவர் செய்யாதிருப்பதற்காகவே இதை எழுதுகிறேன். டிசம்பர் முதல் பெப்ரவரி வரையான மாதங்களில் புதிய அயர்ன் செட் ஒன்றைக் கையில் எடுப்பவர் எதை எந்த ஒழுங்கில் செய்ய வேண்டும், எதைச் செய்யாமல் சித்திரை வரை ஒத்திவைக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

எது பழகுகிறது, எது பழகுவதில்லை

புதிய சப்பாத்து காலுக்கு ஏற்றபடி இளகுவதுபோல அயர்னும் அடிக்க அடிக்க இளகும் என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மையன்று. எஃகு ஷாஃப்டின் (தண்டின்) விறைப்பு ஐந்து பாகைக் கூதலிலும் முப்பது பாகை வெயிலிலும் கைக்குத் தெரியும் அளவுக்கு மாறுவதில்லை. அயர்ன் தலை, அடித்துச் செய்யப்பட்ட மென்கார்பன் எஃகாக இருந்தாலும் வார்த்துச் செய்யப்பட்ட துருவேறா எஃகாக இருந்தாலும், நமது மலைநாட்டுக் கூதலில் உடைந்துபோகும் அளவுக்கு நொறுங்குதன்மை அடையாது. "கூதலில் அடித்தால் புது அயர்ன் வெடித்துவிடும்" என்ற பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

உண்மையில் மாறுபவை நான்கு. கூதலில் கிரிப்பின் (கைப்பிடியின்) இறப்பர் இறுகி வழுக்குகிறது. பந்தின் உள்ளே இருக்கும் இறப்பர் தன் துள்ளலை இழக்கிறது. காற்று கனக்கிறது. எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் ஆடுபவரின் உடம்பில் நிகழ்கிறது: தோள் முழுதாகச் சுற்றுவதில்லை, மணிக்கட்டு இறுகுகிறது, விரல்கள் உணர்விழந்ததால் பிடி தேவைக்கு மேல் இறுக்கமாகிறது. இந்த நான்கின் குற்றத்தையும் ஐந்தாவதான இரும்பின் தலையில் சுமத்துவதே குளிர்காலத்தில் புதிய அயர்ன் வாங்குபவர் வழக்கமாகச் செய்யும் தவறு. ஆகவே, கூதல் மாதங்களில் பந்து முகத்தில் எங்கே படுகிறது என்பதைக் கற்றுக்கொள்ளலாம்; எவ்வளவு தூரம் போகிறது என்பதைக் குறித்து மட்டும் வைக்க வேண்டும், முடிவு செய்யக் கூடாது. பின்வரும் படிகள் அனைத்தும் இந்த ஒரு வேறுபாட்டைச் சுற்றியே அமைந்தவை.

உயரமும் கூதலும் எதிரெதிராக இழுக்கின்றன

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்கு அளவே. கொழும்பில் முப்பது பாகை வெப்பத்தில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 1.15 கிலோ கிராம் நிறை கொண்டது என்றால், இங்கே எட்டுப் பாகைக் காலையில் அது 1 கிலோ கிராமை ஒட்டியும், இருபது பாகை நண்பகலில் 0.96 கிலோ கிராமை ஒட்டியும் இருக்கும். காற்று மெல்லியதாக இருந்தால் பந்துக்குத் தடை குறைவு. எனவே தூரம் கூடுகிறது. ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு வீதத்துக்குச் சற்று மேல் என்பது ஆட்டக்காரர்களின் பொதுக் கணக்கு. அதன்படி ஆறாயிரம் அடிக்குச் சற்று மேலே இருக்கும் நமக்கு ஏழு வீதம் அளவில் இலாபம் கிடைக்கிறது.

இந்தக் கணக்கைக் கவனித்தால் ஒன்று விளங்கும். விடியலுக்கும் நண்பகலுக்கும் இடையே காற்றின் அடர்த்தி நான்கு வீதமே மாறுகிறது. ஏழாம் அயர்னில் அது இரண்டு மூன்று யாருக்கு மேல் வராது. நான் இழந்த பன்னிரண்டு யாரில் காற்று எடுத்தது கொஞ்சம்தான். மீதியைக் குளிர்ந்த பந்தும் மூன்று சட்டைக்குள் மாட்டிக்கொண்ட என் தோளும் எடுத்தன. காற்றை நாம் மாற்ற முடியாது. ஆனால் பந்தையும் தோளையும் மாற்ற முடியும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

புதிய செட் வந்தவுடன் மைதானத்துக்கு ஓட வேண்டாம். முதல் மாலையை வீட்டு மேசையில் செலவழியுங்கள். அயர்ன்களை நீள ஒழுங்கில் சுவரோடு சாத்தி வைத்து, அடுத்தடுத்த இரண்டுக்கு இடையில் ஏறத்தாழ அரை அங்குல வேறுபாடு சீராக இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் வரும் விவரத்தாளில் அல்லது தயாரிப்பாளரின் அட்டவணையில் ஒவ்வொன்றின் லொஃப்டும் எத்தனை பாகை என்பதை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். இது மிக முக்கியம். பழைய செட்களில் ஏழாம் அயர்னின் லொஃப்ட் 34, 35 பாகையாக இருந்தது. இன்று விற்கப்படும் பலவற்றில் அது 30 பாகைக்குக் கீழே இறங்கிவிட்டது. புதிய ஏழாம் அயர்ன் பழைய ஆறாம் அயர்னின் தூரம் போவதில் அதிசயம் எதுவும் இல்லை. அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்க்காமல் பாகையைப் பார்த்து ஒப்பிட வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த பழைய செட் உங்களுக்குப் புதியதாக வந்திருக்கலாம்; மலைநாட்டில் அப்படி வருபவையே அதிகம். அப்படியானால் முகத்தில் உள்ள வரிப்பள்ளங்களை ஒரு பழைய பல்துலக்கும் பிரஷால் சுத்தம் செய்து, தேய்ந்திருக்கின்றனவா என்று விரல்நகத்தால் தடவிப் பாருங்கள். 25 பாகையும் அதற்கு மேலும் லொஃப்ட் உள்ள கிளப்களுக்கு (மட்டைகளுக்கு) 2010 ஜனவரி 1 முதல் வரிப்பள்ளங்களின் விளிம்புக் கூர்மையைக் கட்டுப்படுத்தும் விதி வந்தது. அதற்கு முன் செய்யப்பட்டவை உங்கள் போட்டியில் அனுமதிக்கப்படுமா என்பதைப் போட்டிக் குழுவிடம் முன்கூட்டியே கேட்பது நல்லது.

அடுத்தது கிரிப். புதிய இறப்பர் கிரிப்பின் மேல் அச்சிலிருந்து எடுக்கும்போது பூசிய மெல்லிய வழுவழுப்பு ஒட்டியிருக்கும். வெயில் நாளில் கைச்சூட்டிலும் வியர்வையிலும் அது சில நாட்களில் போய்விடும், கூதலில் போகாது. ஆகவே இளஞ்சூடான நீரில் கொஞ்சம் சவர்க்காரத்தைக் கரைத்து, மென்மையான பிரஷால் கிரிப்பை மேலிருந்து கீழாகத் தேய்த்து, வெறும் நீரில் நனைத்த துணியால் துடைத்து, துவாயால் ஒற்றி எடுத்து, வீட்டுக்குள் ஓர் இரவு முழுவதும் காய விடுங்கள். கிரிப் மேல்நோக்கி இருக்கும்படி நிறுத்தினால் அதன் முனைத் துளை வழியாக ஷாஃப்டுக்குள் நீர் இறங்கக்கூடும்; துளையை விரலால் மூடிக்கொண்டு கழுவி, பிறகு படுக்க வைத்துக் காய வையுங்கள்.

கிரிப்பையோ ஷாஃப்டையோ புதிதாக மாற்றியிருந்தால் இன்னொரு பொறுமை வேண்டும். தலையை ஷாஃப்டோடு ஒட்டும் எப்பொக்சி பசை சாதாரண அறை வெப்பத்தில் இறுகும் நேரத்தைக் கணக்கிட்டே "ஒரு நாள்" என்று சொல்கிறார்கள். இரவில் பத்துப் பாகைக்கு இறங்கும் நம் வீட்டுக் களஞ்சிய அறையில் அந்த ஒரு நாள் போதாது. கிரிப்புக்கு அடியில் இருக்கும் ஒட்டுநாடாவின் கரைப்பானும் மெதுவாகவே ஆவியாகிறது. வீட்டின் சூடான அறையில் இரண்டு மூன்று நாள் வைத்த பிறகே முதல் அடி. அவசரப்பட்ட ஒருவரின் வெட்ஜ் (குறுந்தூர அயர்ன்) தலை பந்தைவிடத் தூரமாகப் பறந்ததைப் பார்த்திருக்கிறேன்; சிரிப்பு வந்தாலும் அருகே ஆள் நின்றிருந்தால் சிரித்திருக்க முடியாது.

பந்தை எங்கே தூங்க வைப்பது

கெடி சொன்ன சொல் விளையாட்டுக்குச் சொன்னதன்று. பந்து தன் உள்வெப்பத்தை மெதுவாகவே மாற்றிக்கொள்ளும். இரவு முழுவதும் டிக்கியில் குளிர்ந்த பந்தை ஐந்து நிமிடம் கையில் உருட்டுவதால் ஓடு மட்டும் சூடாகுமே தவிர நடுப்பகுதி அப்படியே இருக்கும். ஆகவே ஆடுவதற்கு முதல் நாளே பந்துகளை வீட்டுக்குள், சமையலறைப் பக்கமாக வையுங்கள். அடுப்புக்கு மேலேயோ கொதிநீருக்குள்ளோ வைக்க வேண்டாம். அது பந்தைக் கெடுக்கும். அதோடு, வேண்டுமென்றே சூடாக்கி அதன் இயல்பை மாற்றிய பந்தை அடிப்பதை கொல்ஃப் விதி 4.2 தடை செய்கிறது. கையைச் சூடாக்கத் தடை இல்லை: சுடுதண்ணீர்ப் போத்தலில் பிளேன்டீ கொண்டுபோங்கள், அடிகளுக்கு இடையில் கைகளைச் சட்டைப்பைக்குள் வையுங்கள்.

பழகும் காலம் முழுவதும் ஒரே வகைப் பந்தைப் பயன்படுத்துங்கள். புதிய அயர்னையும் புதிய பந்தையும் ஒரே வாரத்தில் சோதித்தால் எது எதைச் செய்தது என்பதை யாராலும் சொல்ல முடியாது.

முதல் அடிகள்

கூதல் மாதங்களில் நுவரெலியாவின் நண்பகல் இருபது பாகையை ஒட்டி வரும். தெளிந்த இரவுகளுக்குப் பிறகு விடியலில் புல் மட்டத்தில் துகள் உறைபனி படிந்திருக்கும். பனி படிந்த புல்லின் மேல் நடந்தால் உறைந்த இலைகள் நசுங்கி, சில நாட்களில் காலடித் தடங்கள் பழுப்பாகத் தெரியும். ஆகவேதான் பனி உருகும் வரை ஆட்டத்தை நிறுத்தி வைக்கிறார்கள். 1889இல் தொடங்கிய இந்தப் பழைய மைதானத்தின் புல்லுக்காக மட்டுமல்லாமல் உங்கள் முழங்கைக்காகவும் முதல் வாரத்தில் ஒன்பதரை மணிக்கு முன் பந்தை அடிக்க வேண்டாம்.

உடம்பைச் சூடாக்க ஐந்து நிமிடம் வேகமாக நடந்து, பிறகு இரண்டு அயர்ன்களைச் சேர்த்துப் பிடித்து மெதுவாக வீசுங்கள். தடித்த ஒரே ஜெர்சிக்குப் பதில் மெல்லிய இரண்டு சட்டைகளும் கையில்லாத ஒரு மேலங்கியும் போட்டால் தோள் சுற்றும். இடது கைக்கு மட்டும் அணியும் மெல்லிய தோல் கையுறை பனியில் நனைந்தால் சோப்புக்கட்டியாகிவிடும். நனைந்தால் பிடி கூடும் வகையில் செய்த மழைக் கையுறைகளை இரு கைகளுக்கும் அணிவதையே நான் விரும்புகிறேன்.

முதல் நாள் வெட்ஜும் ஒன்பதாம் அயர்னும் மட்டும் போதும். பந்தைப் புல்லிலிருந்து கால் அங்குலம் உயர்த்தி டீயில் (பந்தைத் தாங்கும் சிறு ஆணியில்) வைத்து, இடுப்பு உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரையான அரை வீச்சில் இருபது பந்துகள், பிறகு முக்கால் வீச்சில் இருபது பந்துகள் அடியுங்கள். தூரத்தைப் பார்க்கவே வேண்டாம். கைக்கு வரும் அதிர்வை மட்டும் கேளுங்கள்: நடுவில் பட்ட அடி கூதலிலும் வலிக்காது. எஃகு ஷாஃப்டிலிருந்து கிராஃபைட்டுக்கு மாறியவர்களுக்கு அதிர்வு குறைவாக வருவதால் "படவே இல்லை" என்ற ஐயம் எழும். எதிர்த்திசையில் மாறியவர்களுக்கு எல்லா அடியும் பிழையாகத் தோன்றும். இரண்டும் ஓரிரு வாரத்தில் சரியாகும். பழகுவது என்று ஒன்று இருந்தால் அது இதுதான், பழகுவதும் நீங்கள்தான்.

இரண்டாம் நாளில் ஏழாம் அயர்னையும், நான்காம் ஐந்தாம் நாட்களில் ஐந்தாம் அயர்னையும் சேர்க்கலாம். பயிற்சி விரிப்பின் மேல் அடிப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கூதலில் விரிப்பும் அதன் அடியிலுள்ள கொங்கிரீட்டும் இறுகி, பந்துக்கு முன்னே தரையில் படும் அடியின் முழு அதிர்வையும் மணிக்கட்டுக்குத் திருப்பி அனுப்பும். அத்துடன் கிளப் விரிப்பின் மேல் வழுக்கி முன்னேறிப் பந்தை அடித்துவிடுவதால் பிழையான அடியும் நல்ல அடியாகத் தெரியும். இயன்றவரை புல்லிலேயே அடியுங்கள்.

அடி எங்கே படுகிறது என்று பார்த்தல்

குளிர்காலத்தில் முழு நம்பிக்கையோடு செய்யக்கூடிய சோதனை இதுதான். ஆகவே இதில் நேரத்தைச் செலவழியுங்கள். முகத்தை உலர்ந்த துணியால் நன்கு துடைத்து, அதன்மேல் பேபி பவுடரை மெல்லியதாகத் தூவி, மிகையை ஊதிவிட்டு, பந்தையும் துடைத்து உலர்த்தி டீயில் வைத்து அடியுங்கள். பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். பந்தில் ஈரம் இருந்தால் பவுடர் களியாகி அடையாளம் கலங்கும். பந்தை ஒவ்வொரு முறையும் உலர்த்துவது சலிப்பான வேலைதான், ஆனாலும் விட்டுவிடக் கூடாது. பத்து அடிகளின் அடையாளங்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பயிற்சியில் மட்டுமே இதைச் செய்யலாம். ஆட்டத்தின் நடுவே முகத்தில் எதையும் பூசுவது விதி 4.1க்கு மாறானது.

அடையாளங்கள் எல்லாம் குதிப்பக்கமாகவோ (ஷாஃப்டை ஒட்டிய பக்கம்) நுனிப்பக்கமாகவோ (ஷாஃப்டுக்குத் தூரமான பக்கம்) ஓரிடத்தில் குவிந்திருந்தால் நிற்கும் தூரத்தை அரை அங்குலம் மாற்றிப் பாருங்கள். முகம் முழுவதும் சிதறியிருந்தால் அயர்னில் எந்தக் குறையும் இல்லை, உடம்பு இன்னும் சூடாகவில்லை என்று பொருள். முதல் பத்தும் சிதறி, முப்பதுக்குப் பிறகு குவிந்தால் அதுவே சான்று.

அடுத்து லை கோணம், அதாவது அடிப்பாகம் தரையில் படியும்போது ஷாஃப்ட் தரையோடு அமைக்கும் கோணம். பந்தின் மேல் தடித்த மார்க்கர் பேனையால் நேர்கோடு ஒன்று வரைந்து, கோடு செங்குத்தாக முகத்தைப் பார்க்கும்படி வைத்து அடித்தால் அந்தக் கோடு முகத்தில் பதியும். கோடு வரிப்பள்ளங்களுக்குச் செங்குத்தாக இருந்தால் லை பொருத்தமானது. கோட்டின் மேல்முனை நுனிப்பக்கமாகச் சாய்ந்தால் கிளப் உங்களுக்கு அளவுக்கு மேல் நிமிர்ந்திருக்கிறது, வலக்கை ஆட்டக்காரரின் பந்து இடப்பக்கமாகப் போக முனையும். குதிப்பக்கமாகச் சாய்ந்தால் கிளப் தட்டையாக இருக்கிறது, பந்து வலப்பக்கமாகப் போக முனையும். கூதலில் குறுகி நிற்பவரின் கைகள் வழக்கமான உயரத்தில் இருப்பதில்லை என்பதால் இந்தச் சோதனையை மிதமான நண்பகலில், குறைந்த சட்டைகளோடு, இரண்டு வெவ்வேறு நாட்களில் செய்யுங்கள். இரண்டு நாளும் ஒரே விடை வந்தால் மட்டுமே நம்புங்கள்.

ஈரப் புல்லும் நனைந்த மண்ணும்

டீயிலிருந்து இறங்கிப் புல்லில் வைத்து அடிக்கும்போதுதான் புதிய அயர்னின் உண்மைக் குணம் தெரியும். அடிப்பாகத்தின் பின்விளிம்பு முன்விளிம்பைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதே பவுன்ஸ். அது குறைந்த, மெல்லிய அடிப்பாகம் கொண்ட அயர்ன்கள் மலைநாட்டின் நனைந்த மண்ணில் மண்வெட்டியைப்போல இறங்கும். தேயிலை மலையில் வளர்ந்தவர்களுக்கு இந்த மண்ணைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேலே காய்ந்ததுபோல் இருந்தாலும் ஓர் அங்குலத்துக்குக் கீழே ஈரம் இருக்கும். பந்தை வழக்கத்தைவிட அரைப் பந்து அளவு பின்னே வைத்து, முதலில் பந்து, பிறகு புல் என்ற ஒழுங்கு கைக்கு வரும் வரை முக்கால் வீச்சிலேயே இருங்கள். பெயர்ந்த புல்துண்டு பந்து இருந்த இடத்துக்கு முன்னே தொடங்கியிருந்தால் நன்று. பின்னே தொடங்கியிருந்தால் அது தடித்த அடி. அந்த அடியின் தூரத்தைக் கொப்பியில் எழுதக் கூடாது. புல்துண்டை எடுத்து வைத்து மிதிக்க மறக்க வேண்டாம், கூதலில் புல் மெதுவாகவே வளரும்.

முகத்துக்கும் பந்துக்கும் நடுவே பனிநீர் அகப்பட்டால் உராய்வு குறைகிறது. வெட்ஜ், ஒன்பதாம் அயர்ன் போன்றவற்றில் பந்து வழக்கத்தைவிட மேலே எழுந்து, சுழற்சி குறைந்து, கிரீனில் நிற்காமல் ஓடும். புதிய வரிப்பள்ளங்கள் கூர்மையாக இருந்தும் பந்து நிற்கவில்லையே என்று கவலைப்படுவோர் பலர். அது நீரின் வேலை. ஒவ்வோர் அடிக்கும் முன் முகத்தைத் துடைக்க, பையில் ஒன்றுக்கு இரண்டு துவாய் வையுங்கள்: ஒன்று நனையும், ஒன்று உலர்ந்தே இருக்க வேண்டும்.

கொப்பி

ஓர் அப்பியாசக் கொப்பியில் திகதி, நேரம், வெப்பநிலை, காற்று, நிலத்தின் ஈரம், அயர்ன், பந்து முதலில் விழுந்த தூரம் ஆகியவற்றை எழுதுங்கள். உருண்டு நின்ற தூரம் வேண்டாம். நனைந்த ஃபெயர்வேயில் (ஆட்டப் பாதைப் புல்வெளியில்) பந்து விழுந்த இடத்திலேயே புதைந்து நிற்கும். காய்ந்த மார்ச்சில் அதே அடி பதினைந்து யார் உருளும். ஒவ்வோர் அயர்னுக்கும் பத்து அடிகள் அடித்து, நீண்டதில் ஒன்றையும் குறுகியதில் இரண்டையும் விட்டு, மீதி ஏழின் சராசரியை எடுக்கலாம். என் கொப்பியில் ஒரே ஏழாம் அயர்னுக்கு ஒரே மாதத்தில் 134, 139, 143 என்று மூன்று எண்கள் இருக்கின்றன. முதலாவது காலை எட்டு மணிக்கு, இரண்டாவது பதினொரு மணிக்கு, மூன்றாவது மாலை மூன்று மணிக்கு, மூன்றும் வீட்டில் வைத்திருந்த பந்தோடு. இவற்றில் எது உண்மை என்று கேட்டால் மூன்றும் உண்மை. ஆடும்போது அந்த நேரத்துக்குரிய எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே கொப்பியின் பயன்.

அயர்ன்களுக்கு இடையிலான இடைவெளிகளைப் பொறுத்தவரை குளிர்காலக் கொப்பியை ஓரளவு நம்பலாம். எல்லா அயர்ன்களும் ஏறத்தாழ ஒரே வீதத்தில் குறைவதால் எட்டாம் அயர்னுக்கும் ஒன்பதாம் அயர்னுக்கும் இடையே மட்டும் இடைவெளி நான்கு யாராகச் சுருங்கியிருந்தால் அது கூதலின் குற்றம் அல்ல. அந்த இரண்டில் ஒன்றின் லொஃப்டை அளக்க வேண்டும்.

காலைப் போட்டிக்கு இந்த அயர்ன்களையே எடுத்துப்போக வேண்டியிருந்தால் ஓர் எண் குறைந்த, அதாவது ஒரு படி கூடுதலான தூரம் போகும் கிளப்பை எடுத்து முக்கால் வீச்சில் ஆடுங்கள். நுவரெலியாவின் ஃபெயர்வேக்கள் ஒடுங்கியவை, மரங்கள் நெருக்கமானவை. பலத்தைக் காட்டுவதால் இங்கே எவருக்கும் பெரிய நன்மை கிடைத்ததில்லை.

ஆட்டம் முடிந்த பின்

குளிர்ந்த கிளப்களைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தவுடன் அவற்றின் மேல் நீர் பூக்கும். பையோடு மூலையில் வைத்துவிட்டால் அந்த நீரே கறளுக்கு விதை. குரோமியம் பூசிய அயர்ன்களில் முகத்தின் தேய்ந்த பகுதியில் மட்டும் கறள் வரும். பூச்சில்லாத வெட்ஜ்களில் ஒரே இரவில் செம்மை படரும். அந்தச் செம்மை ஆட்டத்தைக் கெடுக்காது, ஆனாலும் வரிப்பள்ளங்களுக்குள் ஆழமாக இறங்க விடக் கூடாது. எல்லாவற்றையும் பையிலிருந்து எடுத்து, ஷாஃப்ட் தலைக்குள் நுழையும் கழுத்துப் பகுதி வரை துடைத்து, அரை மணி நேரம் படுக்க வைத்து, அவற்றின் குளிர் நீங்கிய பின் மீண்டும் ஒருமுறை துடையுங்கள். பூச்சில்லாதவற்றுக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். இருபத்து நான்கு பாகைக்குக் கீழே அது உறைந்து மெழுகாகி, வரிப்பள்ளங்களில் மண்ணோடு சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

சித்திரை வரும்போது

மார்ச் கடைசியில் அதே கொப்பியோடு அதே சோதனைகளை மீண்டும் செய்யுங்கள். சித்திரைக் கொண்டாட்டக் கூட்டம் வந்துவிட்டால் மைதானத்தில் இடம் கிடைப்பது கடினம், ஆகவே முன்கூட்டியே முடித்துக்கொள்வது நல்லது. இந்தப் பருவத்தில் மதியத்துக்குப் பிறகு இடி மின்னல் வரும். முதல் உறுமலிலேயே எஃகுக் கிளப்களைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். மைதானத்தை ஒட்டிய பழைய கல்லறைத் தோட்டத்தில்தான் யானை வேட்டைக்குப் பெயர்போன மேஜர் ரொஜர்ஸ் கிடக்கிறார். 1845இல் ஹப்புத்தளையில் அவரைக் கொன்றது யானை அல்ல, மின்னல்.

கொழும்பில் 1879இல் தொடங்கிய றோயல் கொழும்பு கழகத்துக்கோ, விக்டோரியா நீர்த்தேக்கத்தை ஒட்டிய திகன மைதானத்துக்கோ ஆடப் போனால் இங்கே எழுதிய எண்களை அப்படியே கொண்டுபோகக் கூடாது. இங்கு நண்பகலில் 145 யார் போகும் அடி கொழும்பில் 135ஐ ஒட்டி நிற்கும். திகன இரண்டுக்கும் நடுவில்.

இத்தனைக்குப் பிறகும் வெயில் நாட்களின் எண்கள் இடைவெளியில் பிசகினாலோ, லை சோதனை இரு பருவத்திலும் ஒரே பக்கமாகச் சாய்ந்தாலோ அப்போது வளைப்பவரிடம் போகலாம். முதலில் அளக்கச் சொல்லுங்கள், வளைக்கச் சொல்ல வேண்டாம். அளந்த பாகைகளைக் கொப்பியில் உள்ள தயாரிப்பாளரின் பாகைகளோடு ஒப்பிட்டு, மாறியிருப்பவற்றை மட்டும் திருத்துங்கள். அடித்துச் செய்த மென்எஃகு இரண்டு பாகை வரை எளிதில் இணங்கும்; வார்ப்பு எஃகில் சில வகைகள் இணங்கவே மாட்டா, அவற்றின் கழுத்து உடையக்கூடும் என்பதால் எந்த எஃகு என்பதை அவரிடம் சொல்லுங்கள். லொஃப்டை ஒரு பாகை குறைத்தால் பவுன்ஸும் ஏறத்தாழ ஒரு பாகை குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள். நான் இரண்டு பாகை வளைத்த அந்த அயர்ன்கள் கிரீனைத் தாண்டியதோடு நிற்காமல், அடுத்த மழைக்காலத்தில் ஒவ்வொரு ஃபெயர்வேயிலும் கையகலக் குழி தோண்டின.